டிரைவ்வேயில் விளைந்த தக்காளி: மினசோட்டாவில் ஒரு கோடை

மே மாதம் மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பாலில் போய் இறங்கியபோது மரங்கள் அப்போதுதான் துளிர்விட ஆரம்பித்திருந்தன. திருச்சியில் கத்திரி வெயில் கொளுத்துகிற நேரத்தில், மகள் வீட்டு வாசலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு காபி குடித்தேன். அமெரிக்காவின் வடகோடியில் இருக்கிறது மினசோட்டா. அங்கே தக்காளிச் செடியை வெளியில் வைக்கக் கிடைப்பது மே நடுவிலிருந்து செப்டம்பர் கடைசி வரைதான். அதற்கு முன்னாலும் பின்னாலும் உறைபனி வந்து ஒரே இரவில் கருக்கிவிடும். மே இரண்டாம் ஞாயிறு, அதாவது அன்னையர் தினம் கழியாமல் யாரும் நாற்றைத் தொடுவதில்லை. பயந்த சுபாவம் உள்ளவர்கள் மாதக் கடைசி வரை பொறுக்கிறார்கள்.

மகள் வீட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. பின்கட்டில் பெரிய கருப்பு வால்நட் மரம் ஒன்று நிற்கிறது. அதன் வேரிலிருந்தும் உதிரும் இலை, காய்த் தோலிலிருந்தும் ஜக்லோன் என்ற பொருள் மண்ணில் இறங்குகிறது. தக்காளி, கத்தரி, மிளகாய் எல்லாவற்றுக்கும் அது ஆகாது, தக்காளிக்கு அறவே ஆகாது. மரத்திலிருந்து 50, 60 அடி தள்ளி நட்டாலும் நன்றாக இருந்த செடி திடீரென்று தலை தொங்கிப் போய்விடும். "மண்ணை நம்பிப் பிரயோஜனம் இல்லை அத்தை, மண்ணே இல்லாமல்தான் வளர்க்கப் போகிறோம்" என்றார் மாப்பிள்ளை.

அந்த யோசனையைக் கொடுத்தவர் எதிர்வீட்டுப் பெரியவர். அவர் வீட்டு டிரைவ்வே, அதாவது தெருவிலிருந்து கார் ஏறி வரும் பாதையின் ஓரம், வருஷா வருஷம் வைக்கோல் கட்டுகள் வரிசை கட்டி நிற்குமாம், செடிகளை அந்தக் கட்டுகளிலேயே நட்டுவிடுவாராம். இந்த முறையை உலகம் முழுக்கப் பரப்பிய ஜோயல் கார்ஸ்டனும் மினசோட்டாக்காரர்தான். வொர்த்திங்டன் பக்கத்துப் பண்ணைக் குடும்பத்தில் வளர்ந்தவர். களஞ்சியத்துச் சுவர் ஓரம் பிரிந்து கிடந்த மக்கிய கட்டுகளில் களைகள் ஆளுயரத்துக்குச் செழித்ததைச் சிறுவயதில் பார்த்தவர், பின்னாளில் அதில் காய்கறி போட்டுப் பார்த்தார். ஆனால் இது முற்றிலும் புதிதல்ல. இங்கிலாந்தில் 1960களிலேயே பசுமைக்குடில் தக்காளி விவசாயிகள் மண்ணில் வரும் வாடல் நோய்க்குத் தப்பிக்க வைக்கோல் கட்டில் நட்டிருக்கிறார்கள்.

கட்டு வாங்க மிசிசிப்பி ஆற்றை ஒட்டித் தெற்கே ஹேஸ்டிங்ஸ் பக்கம் காரில் போனோம். ஊர் தாண்டியதும் இரு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் உழுது போட்ட கரிசல். நம் டெல்டாக்காரர்கள் பார்த்தால் பெருமூச்சு விடுவார்கள். பண்ணைக்காரரிடம் மாப்பிள்ளை கேட்ட முதல் கேள்வி விலை இல்லை. "என்ன களைக்கொல்லி அடித்தீர்கள்?" என்றுதான் கேட்டார். சில களைக்கொல்லிகள் அறுவடைக்குப் பிறகும் தாளில் தங்கி, மறுவருஷம் தக்காளி இலையைச் சுருட்டிவிடுமாம். இன்னொன்று, புல் கட்டை வாங்கிவிடக் கூடாது. அதில் விதை இருக்கும், தக்காளிக்குப் பதில் புல் முளைக்கும். கோதுமை, ஓட்ஸ் அறுத்தபின் மிஞ்சும் வெறும் தாள்தான் வேண்டும். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலத்தில், ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் கயிறு போட்டு இறுக்கிய கட்டுகள். காய்ந்திருக்கும்போது ஒருவரே தூக்கிவிடலாம். தண்ணீர் குடித்தபின் நகர்த்தவே முடியாது, அதனால் வைக்கும் இடத்தை முதலிலேயே முடிவுசெய்துவிட வேண்டும். அறுத்த முனை மேலே பார்க்க, கயிறு பக்கவாட்டில் வர, டிரைவ்வேயின் வெயில் படும் ஓரத்தில் அடுக்கினோம்.

நட்டுவிடலாம் என்று நினைத்து நான் மண்கரண்டியோடு நின்றேன். பெரியவர் சிரித்துவிட்டு, இன்னும் 12 நாள் ஆகும் என்றார். அந்த 12 நாள்தான் இந்த வித்தையே. வைக்கோலில் கரிச்சத்து அதிகம், தழைச்சத்து (நைட்ரஜன்) மிகக் குறைவு. அப்படியே நட்டால் வைக்கோலை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் செடிக்குப் போகவேண்டிய தழைச்சத்தைப் பிடுங்கித் தின்றுவிடும். அதனால் அவற்றுக்கு முன்கூட்டியே பந்தி வைக்க வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு கட்டுக்கு அரை கப் புல்வெளி உரத்தைத் தூவி, உள்ளே இறங்கும்படி தண்ணீர் விட்டோம். நடுவில் உள்ள நாட்களில் தண்ணீர் மட்டும். பிறகு மூன்று நாள் தினமும் கால் கப்.

உரம் வாங்கப் போனபோது ஒன்று கவனித்தேன். பையின் மேல் தழை, மணி, சாம்பல் மூன்றுக்கும் எண் போட்டிருக்கிறார்கள், எல்லாப் புல்வெளி உரத்திலும் நடு எண் பூஜ்ஜியம். மணிச்சத்து (பாஸ்பரஸ்) மழையில் கரைந்து ஏரிக்குப் போனால் பாசி பிடிக்கிறது என்று, 2005 முதல் மாநிலம் முழுக்கப் புல்வெளிக்கு அதைப் போடச் சட்டப்படி கட்டுப்பாடு. கார் நம்பர் பலகையிலேயே '10,000 ஏரிகள்' என்று எழுதிக்கொள்ளும் ஊர் அல்லவா! காய்கறிக்குத் தடையில்லை. அதனால் பத்தாம் நாள் மூன்று சத்தும் உள்ள உரத்தைத் தனியாக வாங்கி ஒரு கப் போட்டோம்.

ஐந்தாறு நாளில் கட்டு சூடாக ஆரம்பித்தது. மாப்பிள்ளை இறைச்சி சுடும்போது குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டரை உள்ளே செருகினார்: 130 டிகிரி ஃபாரன்ஹீட், நம் கணக்கில் 54. குளிர்ந்த காலையில் துளையிலிருந்து இட்லிப் பானை மாதிரி ஆவி வந்தது. கூடவே மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி. அப்புறம் சாம்பல் நிறக் காளான்கள் முளைத்து, குடை விரித்து, மறுநாளே கறுப்பு மையாய் உருகி வழிந்தன. மகள் அருவருத்தாள். பெரியவருக்கோ அதைப் பார்த்ததும் சந்தோஷம், மக்குகிறது என்பதற்கு அதுதான் அடையாளமாம்.

சூடு உடம்புச் சூட்டுக்கு இறங்கியதும் நட்டோம். ஒரு கட்டுக்கு இரண்டு செடி. வைக்கோலைப் பிளந்து, ஒரு கைப்பிடி தொட்டிக் கலவை போட்டு, தண்டு பாதி புதையும்படி இறக்கினோம். தக்காளித் தண்டு புதைந்த இடமெல்லாம் வேர்விடும். வெளியே இரவுக் குளிர் இருந்தாலும் உள்ளே மிச்சமிருந்த வெதுவெதுப்பு வேருக்குக் கிடைத்தது. கோடை இவ்வளவு குட்டையான ஊரில் இந்தச் சூடுதான் பெரிய லாபம் என்று நினைக்கிறேன். நம் ஊர் மொட்டைமாடிக்கு இது சரிப்படாது. நமக்குச் சூடு தேவையே இல்லை, சித்திரை வெயிலில் கட்டு மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும்.

கட்டுகளோடு, விஸ்கி ஊறிய பழைய பீப்பாயின் பாதி ஒன்றிலும் தக்காளி வைத்தோம். அந்தப் பீப்பாய்க் கதை வேறு. பர்பன் விஸ்கியைப் புதிதாகச் செய்து உட்புறம் கருக்கிய ஓக் மரப் பாத்திரத்தில்தான் ஊறவைக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். ஒருமுறை பயன்பட்ட பீப்பாய் மறுபடி பர்பனுக்கு உதவாது. பல பீப்பாய்கள் ஸ்காட்லாந்துக்குக் கப்பலேறுகின்றன, மிச்சத்தைப் பாதியாக அறுத்துத் தோட்டத் தொட்டியாக விற்கிறார்கள். எங்களுடையதில் குனிந்து முகர்ந்தால் இன்னும் வாசனை வந்தது. "தக்காளிக்கு போதை ஏறாதா?" என்று என் கணவர் ஃபோனில் கேட்டார். அடியில் துளை போட்டு, கரி படிந்த உள்சுவர் மறைய நிரப்பினோம். பீப்பாயைவிடத் தொட்டிக் கலவைக்குத்தான் காசு அதிகம் போனது.

பீப்பாயில் பிராண்டிவைன் ரகத் தக்காளி, கட்டுகளில் எர்லி கேர்ள், சன்கோல்ட் ரகங்கள். ஜூலையில் ஒரு வாரம் தண்ணீர் ஏறுக்குமாறாகப் போக, பிராண்டிவைன் காய்களின் அடிப்பாகம் தோல் செருப்பின் நிறத்தில் கறுத்தது. மண்ணில் சுண்ணாம்புச் சத்து இருந்தாலும், ஈரம் சீராக இல்லாவிட்டால் காய்க்குப் போய்ச் சேராது. அக்கம்பக்கத்தில் முட்டை ஓட்டைப் போடச் சொன்னார்கள், அது மக்கி முடிப்பதற்குள் கோடையே முடிந்துவிடும். காலையும் மாலையும் தண்ணீர் ஒழுங்கானதும் அடுத்த காய்கள் நல்லபடியாக வந்தன. கட்டிலும் தண்ணீர் வேகமாகத்தான் வடிகிறது, அங்கே சொட்டுக் குழாய் போட்டிருந்ததால் தப்பித்தது.

விளைச்சலில் கட்டுதான் ஜெயித்தது, ருசியில் பீப்பாய். பிராண்டிவைன் ஒரு பழம் உள்ளங்கை நிறைய இருக்கும். உப்பு தூவி அப்படியே சாப்பிடலாம். ஆனால் சதைதான் எல்லாம், ரசத்துக்கு உதவாது. சன்கோல்டில் ரசம் வைத்தால் பானகம்தான். ரசத்துக்கு எர்லி கேர்ள்தான். அதிலும் புளியைக் குறைக்க முடியவில்லை, நம் நாட்டுத் தக்காளியின் புளிப்பு அங்கே எதிலும் இல்லை. சனிக்கிழமை செயின்ட் பால் உழவர் சந்தையில் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்து குடியேறிய மோங் இனத்து விவசாயிகளிடம் பாகற்காயும் காரமான பச்சைமிளகாயும் கிடைத்ததால் சமையல் தப்பியது.

ஆகஸ்ட் கடைசியில் மாநிலத் திருவிழாவுக்குப் போனோம். தோட்டக்கலைக் கட்டடத்தில், அச்சில் வார்த்ததுபோல் ஒரே அளவுத் தக்காளிகள் தட்டில் உட்கார்ந்திருந்தன, முதல் பரிசுக்கு நீல ரிப்பன். பக்கத்தில் விதைகளையே ஒட்டி வரைந்த ஓவியங்கள். அங்கேதான் அதிக நேரம் நின்றேன்.

நான் திரும்பும்போது கட்டுகள் நரைத்து, பாதி உயரத்துக்கு அமுங்கி, ஒரு பக்கம் சாய்ந்திருந்தன. அக்டோபரில் உறைபனி எச்சரிக்கை வந்ததும் மகள் இருட்டுவதற்குள் எல்லாக் காய்களையும் பறித்துவிட்டு, அந்த மக்கலை ரோஜாப் பாத்தியில் கொட்டிவிட்டாள். ஒரு வாளி நிறையப் பச்சைக் காய் சேர்ந்துவிட்டது, என்ன செய்ய என்று ஃபோன். துவையல் அரைக்கச் சொன்னேன்: உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், கொஞ்சம் எள். எதிர்வீட்டுக்கும் ஒரு பாட்டில் போனதாம், காரத்தைக் குறைத்து.