சித்தி புடவை, எதிர் ஃப்ளாட் குர்தி, 3000 ரூபா: ஆபீஸ் டிரஸ் சேத்த அனுபவம்

டிசம்பர் கடைசில வேலை கன்ஃபர்ம் ஆச்சு, பிப்ரவரி முதல் வாரம் சேரணும்னாங்க. நாலு வருஷம் கழிச்சு திரும்ப ஆபீஸ். கிண்டில அக்கவுன்ட்ஸ் வேலை, வீடு குரோம்பேட்டை, பெரியவளுக்கு 7 வயசு, சின்னவனுக்கு 3. சந்தோஷத்துல பீரோவ திறந்தா பழைய ஆபீஸ் குர்தி 11 இருந்துச்சு, ஒவ்வொன்னா போட்டு பாத்ததுல 3 தான் உடம்புல ஏறுச்சு. ரெண்டு சிசேரியனுக்கு அப்புறம் உடம்பு மாறத்தான் செய்யும், அதுல வருத்தப்பட ஒன்னும் இல்ல, டிரஸ்ஸ தான் மாத்தணும். ஆனா புதுசா 10 செட் எடுத்தா சாதாரண கடையிலயே 10,000 தாண்டிரும், முதல் சம்பளம் கைக்கு வர்றதுக்கு முன்னாடி அவ்ளோ எடுத்து விட மனசு வரல. அதான் 3000க்குள்ள முடிக்கணும்னு நோட்டுல எழுதி வச்சுட்டு ஆரம்பிச்சேன். உள்ளாடையும் லெக்கின்ஸும் மட்டும் புதுசு, மத்ததெல்லாம் யாராவது உடுத்தினதா இருந்தா போதும்.

கூடவே ஒரு கண்டிஷன். காலைல 6:40க்கு பீரோல கைய விட்டா அப்படியே எடுத்து மாட்டிக்கிட்டு கிளம்பற மாதிரி இருக்கணும். 7:15க்கு ஸ்கூல் வேன், அதுக்குள்ள ரெண்டு டிபன் பாக்ஸ், சின்னவனுக்கு பால், தலை வாரி விடறது எல்லாம் இருக்கு. 100 ரூபாய்க்கு கிடைச்சாலும் தினம் காலைல அயர்ன் பண்ணித்தான் போடணும்னா அது எனக்கு சீப் இல்ல. இந்த ஒரு விஷயத்த கெட்டியா பிடிச்சுக்கிட்டதால தான் பாதி தப்பு பண்ணாம தப்பிச்சேன்.

முதல்ல என்கிட்ட இருந்த அந்த 8 ஏறாத குர்திய உள்பக்கம் திருப்பி பாத்தேன். சைடு தையலுக்கு வெளிய எவ்ளோ துணி விட்டிருக்காங்கன்னு பாக்கணும், டைலருங்க மார்ஜின்னு சொல்வாங்க. ரெண்டுல மட்டும் ஒவ்வொரு பக்கமும் முக்கால் இன்ச்சுக்கு மேல இருந்துச்சு, அது ரெண்டும் டைலர் தச்சது. ரெடிமேட்ல ஓவர்லாக் அடிச்சு ஒட்ட வெட்டிடறாங்க, பிரிச்சு விட அதுல ஒன்னுமே இருக்காது. ஒரு பக்கம் முக்கால் இன்ச்ல முன்னாடி அரை, பின்னாடி அரைன்னு விட்டா ரெண்டு பக்கமும் சேத்து மொத்தம் 2 இன்ச் சுத்தளவு கூடும், அது போதும். தெருமுனைல மெஷின் போட்டு உக்காந்திருக்கற ஆல்டரேஷன் அண்ணா ஒன்னுக்கு 60 வாங்கினாரு. பழைய தையல் இருந்த எடத்துல ஊசி ஓட்டை வரிசையா தெரியும், ஒரு தடவ நனைச்சு காய வச்சு தேச்சா காட்டன்ல அது மூடிக்கும், சிந்தடிக்ல மூடாது.

பொங்கல், மதுரை

சித்தி ரிட்டயர்டு டீச்சர். 31 வருஷம் தினம் புடவை கட்டிக்கிட்டு வேலைக்கு போனவங்க. இத மொதல்லயே யோசிச்சிருக்கணும், உழைக்கற பொம்பளைக்கு தோதான துணி எதுன்னு அவங்கள விட யாருக்கு தெரியும். விஷயத்த சொன்னதும் பீரோவ திறந்து உனக்கு வேணுங்கறத எடுத்துக்கோ கண்ணுன்னுட்டாங்க. 6 புடவை எடுத்துக்கிட்டேன். பாச்சை உருண்டை வாசனை அப்படியே தூக்குச்சு, அத பத்தி கீழ சொல்றேன்.

பழைய புடவைய எப்படி பாக்கணும்னு சித்தி தான் காட்டினாங்க, இது எனக்கு பெரிய பாடம். மடிச்சு வச்ச புடவைய பாத்து ஒன்னும் சொல்ல முடியாது, முழுசா பிரிச்சு ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு ஒரு ஓரத்துல இருந்து மறு ஓரம் வரைக்கும் நகத்திக்கிட்டே வரணும். கொசுவம் வர்ற எடம், உக்காந்து எழுந்து தேஞ்ச பின்பக்கம், மடிப்பு ஒரே எடத்துல விழுந்த கோடு, தோள்ல பின் குத்தற எடம், இதெல்லாம் சல்லடை மாதிரி வெளிச்சம் விடும். உள் சுத்து, அதாவது இடுப்புல முதல்ல சுத்தி மறைஞ்சு போற பாகம், அது மட்டும் வெயிலே படாம புதுசு கணக்கா இருக்கும். அதனால குர்திக்கு வெட்டும்போது முன்பாகத்த உள் சுத்துல எடுத்து பின்பாகத்த வேற எடத்துல எடுத்தா கலர் ரெண்டு விதமா நிக்கும். முன்னும் பின்னும் ஒரே பகுதில இருந்து வரணும், கைக்கு மட்டும் வேற எடம் ஓகே, அது டிசைன் மாதிரி போயிரும்.

அந்த ஆறுல ஒன்னு மெரூன் சுங்குடி. கையில முடிச்சு போட்டு சாயம் ஏத்தினது, அச்சுல அடிச்சது இல்ல. புள்ளி ஒவ்வொன்னும் ஒவ்வொரு சைஸ்ல இருக்கும், நடுவுல சாயம் ஏறாத வெள்ளை, சுத்தி லேசா கசிஞ்ச வளையம். மதுரை சுங்குடிக்கு 2005ல புவிசார் குறியீடு கிடைச்சுச்சு, ஆனா அந்த பேர்ல இப்ப கடையில வர்றதுல நிறைய பிரிண்ட் தான். சித்தியோடது 20 வருஷத்துக்கு மேல துவைச்சு துவைச்சு புது துணில வராத ஒரு மெதுவுக்கு வந்திருந்துச்சு. ப்ளவுஸ் பிட்டு போக புடவை அஞ்சரை மீட்டர், என் அளவுக்கு முழங்கை வரைக்கும் கை வச்ச குர்திக்கு ரெண்டரை மீட்டர் போதும். மிச்சத்துல தேஞ்ச பாகத்த கழிச்சுட்டு பெரியவளுக்கு ஒரு ஃப்ராக் வரும்னு எடுத்து வச்சிருக்கேன். குர்தி தையக்கூலி 350, ரெண்டு பக்கமும் பாக்கெட் வச்சு. பாக்கெட் வைக்க சொல்லி கேட்டே வாங்கணும், ட்ரெயின் சீசன் டிக்கெட்டும் போனும் வைக்க எடம் இல்லாத டிரஸ்ஸோட கையில லஞ்ச் பேகும் வச்சுக்கிட்டு கிண்டி ஸ்டேஷன் படில ஏறி பாத்தவங்களுக்கு தெரியும் அதோட அருமை.

இன்னொன்னு பூ போட்ட கிரேப். சிந்தடிக், அயர்னே வேணாம். அத ரெடி டு வேர் புடவையா தைக்க குடுத்தேன், கொசுவம் வச்சு தச்சு இடுப்புல கொக்கி, முந்தானை மடிப்பும் தச்சே வந்துரும். 300 ரூபா. கட்டறதுக்கு ரெண்டு நிமிஷம் கூட ஆகல.

ஜனவரி கடைசி

எதிர் ஃப்ளாட் அக்கா துபாய் போறாங்க, அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் க்ரூப்ல டிரஸ் போட்டோ போட்டிருந்தாங்க. அவங்களும் ஆபீஸ் போனவங்க, எனக்கு ஒரு சைஸ் பெருசு. சின்னத பெருசாக்கறது கஷ்டம், பெருச பிடிக்கறது 10 நிமிஷ வேலை, அதனால எப்பவும் ஒரு சைஸ் மேல தேடுங்க. குர்தி 4, ஒன்னு 150, பலாசோ ஒன்னு 100. சைடு பிடிக்க ஒன்னுக்கு 40. தோள்பட்டை மட்டும் பொருந்தியே வாங்கணும், தோள் இறங்கி நின்னா கைய பிரிச்சு மறுபடி ஏத்தணும், கூலி புது குர்தி அளவுக்கு வந்துரும்.

வீட்ல அத்தைக்கு இது பிடிக்கல. சித்தி புடவைக்கு ஒன்னும் சொல்லல, அது சொந்தம். யாரோ உடுத்தினத காசு குடுத்து வாங்கி உடுத்தணுமா, அவ்ளோ கஷ்டமா நமக்குன்னு கேட்டாங்க. எனக்கு கோவம் வரல, அவங்க பயம் எனக்கு புரியுது, அவங்க காலத்துல அடுத்தவங்க துணி உடுத்தறதுன்னா வேற அர்த்தம். ஏன் அத்தை, பெரியவ பொறந்தப்ப நீங்க தானே புதுத்துணி உடம்ப உறுத்தும்னு சொல்லி உங்க பழைய காட்டன் புடவைல சுத்தி வாங்கினீங்க, தூளியும் அதுல தானே கட்டினீங்கன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. அப்புறம் நல்லா வெந்நில அலசிட்டு போடுன்னாங்க. அன்னைக்கு சாயங்காலமே ஒரு குர்தில விட்டுப்போன பட்டன அவங்களே தச்சு வச்சிருந்தாங்க.

ஒரு வெள்ளிக்கிழமை சின்னவன அத்தைகிட்ட விட்டுட்டு பல்லாவரம் சந்தைக்கு போனேன், குரோம்பேட்டைக்கு அடுத்த ஸ்டேஷன் தான். செடி, பழைய மிக்ஸி, கட்டில், ஸ்பேனர்னு என்னென்னமோ விரிச்சிருப்பாங்க, நடுநடுவுல துணி குவியலும் இருக்கும். போட்டு பாக்க எடம் கிடையாது, அதனால இன்ச் டேப்போட போனேன். நம்ம வீட்ல நல்லா பொருந்தற ஒரு டிரஸ்ஸ தரையில விரிச்சு அக்குளுக்கு அக்குள், தோளுக்கு தோள், நீளம் மூணையும் அளந்து போன்ல வச்சுக்கோங்க, குவியல்ல எடுக்கறத அதோட ஒப்பிட்டா போதும். எனக்கு அக்குளுக்கு அக்குள் 21. லேபிள்ல எக்ஸ்எல்னு போட்டிருக்கறத வச்சு எதுவும் சொல்ல முடியாது. ரெண்டு மணி நேரம் சுத்தி ஒரே ஒரு சாம்பல் கலர் காட்டன் ஓவர்ஷர்ட் கிடைச்சுச்சு, 120. ஆபீஸ் ஏசிக்கு அதத்தான் தினம் போடறேன், மொத்தத்துல அதிகமா உபயோகப்பட்டது அதுதான்.

ஏமாந்தது

ஆன்லைன்ல ஒரு ப்ரீலவ்டு பேஜ்ல, அதாவது உடுத்தின துணிய விக்கற பேஜ்ல, 2 குர்தி, கூரியரோட 550. அளவு சரியான்னு மெசேஜ்ல ரெண்டு தடவ கேட்டேன், ஆமான்னாங்க. வந்ததுல ஒன்னு சூப்பர். இன்னொன்னு 19 இன்ச் தான் இருந்துச்சு, சுத்தளவுல 4 இன்ச் குறைவு, உள்ள மார்ஜினும் இல்ல, அக்குள்ல மஞ்ச கறை வேற. ரிட்டர்ன் எடுக்கலன்னுட்டாங்க. அன்னைக்கு ரொம்ப வருத்தமா இருந்துச்சு, 275 ரூபா எனக்கு சின்ன காசு இல்ல. இப்ப யாருகிட்ட வாங்கினாலும் டேப் வச்சு அளக்கற போட்டோ ஒன்னு, அக்குள் உள்பக்கம் ஒன்னு கேட்டு வாங்கறேன், அனுப்பலன்னா விட்டுடறேன்.

துவைக்கறது

வீட்டுக்குள்ள வந்த உடனே பீரோல வைக்கக்கூடாது. நான் ஒரு கவர்ல கட்டி பால்கனில வச்சுட்டு அடுத்த நாள் எடுக்கறேன். முதல்ல ஈரமான வெள்ளை துணிய வச்சு உள்தையல் பக்கம் தேச்சு பாப்பேன், சாயம் ஒட்டினா தனியா தான் துவைக்கணும். சாயம் நிக்கற காட்டன்னா நல்ல சூடான தண்ணில ஊற வச்சிருவேன், மூட்டைப்பூச்சி முட்டை ஏதாவது இருந்தாலும் சூட்டுக்கு தாங்காது. சிந்தடிக்கும் ரேயானும் சூட்டுல போட்டா கெட்டுரும், சாதா தண்ணி தான். பாச்சை உருண்டை வாசனை சோப்பு போட்டா உடனே போகாது. காத்து தான் மருந்து, நிழல்ல விரிச்சு ரெண்டு மூணு நாள் விடணும், கடைசி அலசல்ல கொஞ்சம் வினிகர் சேத்தா சீக்கிரம் போகுது. ஈரத்தோட மடிச்சு வச்சா மறுபடி அடிக்கும்.

என்ன துணின்னு தெரியலன்னா உள்தையல்ல இருந்து ஒரு நூல உருவி கொளுத்தி பாருங்க, குழந்தைங்க பக்கத்துல இல்லாதப்ப. காட்டன்னா பேப்பர் எரியற வாசனை, பொடி சாம்பல். பாலியஸ்டர்னா சுருண்டு உருகி கெட்டியா மணி மாதிரி நிக்கும். ரெண்டும் கலந்தது தான் என் வார நாளுக்கு நல்லா வருது, கசங்காது, கொஞ்சம் காத்தும் போகும். சுத்த காட்டன பிழியாம பட்டுனு உதறி ஹேங்கர்லயே காய போட்டா அயர்ன் இல்லாம ஓட்டிடலாம், சுங்குடிய அப்படித்தான் போடறேன். ரேயான் குர்தி ஒன்னு வச்சிருக்கேன், அது மட்டும் ட்ரெயின்ல உக்காந்து எழுந்தாலே கசங்குது, இனிமே வாங்க மாட்டேன்.

கணக்கு

பிரிச்சு விட்டது 120, சுங்குடி தையல் 350, ரெடி புடவை 300, எதிர் ஃப்ளாட் குர்தி பலாசோ 700, அத பிடிச்சது 160, சந்தை 120, ஆன்லைன் 550. மொத்தம் 2300. புது லெக்கின்ஸ் 2க்கு 500. ஆக 2800. போடற மாதிரி 12 இருக்கு, ரெண்டு வாரம் திரும்ப போடாம ஓடுது.

ஆனா 12 டிரஸ் இருந்தும் முதல் வாரம் காலைல தடுமாறினேன், குர்தி இருக்கு லெக்கின்ஸ் அழுக்குல இருக்கு, புடவை இருக்கு பின் இல்ல. இப்ப ஞாயித்துக்கிழமை ராத்திரி பசங்க தூங்கினதும் அஞ்சு ஹேங்கர்ல அஞ்சு செட், மேல, கீழ, ஷால், உள்பாவாடை, பின் எல்லாம் அந்தந்த ஹேங்கர்லயே மாட்டிடறேன். புதன்கிழமைக்கு எப்பவும் டார்க் கலர், அன்னைக்கு தான் சின்னவன ப்ளே ஸ்கூல்ல நானே விடறேன், இட்லி கையோட மடில ஏறுவான். முன்னாடி டிரஸ்ஸுக்கு மட்டும் 20 நிமிஷம் போச்சு, இப்ப 5 கூட ஆகறதில்ல. அந்த 15 நிமிஷத்துல உக்காந்து காபி குடிக்கறேன், பெரியவ பக்கத்துல வந்து உக்காந்துக்கறா.

சித்தி குடுத்ததுல 3 புடவை இன்னும் தைக்க குடுக்கல, ஒவ்வொரு மாசமும் ஒன்னா பண்ணலாம்னு இருக்கேன். ஆறாவது ஒன்னு, பச்சையில அரக்கு பார்டர் போட்ட காட்டன், சித்தி முதல் சம்பளத்துல எடுத்ததாம். ஊருக்கு வந்து பிரிச்சு பாக்கும்போது போன் பண்ணி சொன்னாங்க, வெட்டறதுனாலும் வெட்டிக்கோன்னாங்க. வெளிச்சத்துல பிடிச்சு பாத்தேன், கொசுவத்து பக்கம் கொஞ்சம் தேஞ்சிருக்கு, மத்தபடி நல்லா இருக்கு. அத வெட்டல. கஞ்சி போட்டு, ஃபால்ஸ் மாத்தி, புடவையாவே கட்டப்போறேன், என் முதல் சம்பளமும் வந்துருச்சு. ப்ளவுஸ் வியாழக்கிழமை தரேன்னு டைலர் சொல்லியிருக்காரு.