டவருக்குத் தனி எர்த் வேண்டாம்

செல்பேசிக் கோபுரங்களுக்கு எர்த் அமைப்பது என் தொழில் என்பதால், பொழுதுபோக்காக வானொலியில் பேசும் அமெச்சூர் ரேடியோ உரிமம் பெற்ற நண்பர்கள் வீட்டு மாடியிலோ தோட்டத்திலோ ஆன்டெனா டவர் நிறுத்தும்போது என்னை அழைப்பதுண்டு. அவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது, வீட்டு எர்த்தோடு ஒட்டாமல் டவருக்கென்று தனியாக ஓர் எர்த் குழி. மின்னலை வீட்டு ஒயரிங்கிலிருந்து விலக்கி வைக்க அதுவே வழி என்று அனுபவம் மிக்க வயர்மேன்களும் உறுதியாக நம்புகிறார்கள். குழி வெட்டுவதையும் ராடு அடிப்பதையும் விட, இந்த நம்பிக்கையை மாற்றுவதே எனக்குக் கடினமான வேலையாக இருந்துவருகிறது.

சாதாரணமாக விழும் ஒரு மின்னலின் உச்ச மின்னோட்டம் ஏறத்தாழ 30,000 ஆம்பியர். எர்த்தின் மின்தடையை அளக்கும் மெக்கர் கருவியில் 5 ஓம் காட்டும் குழியை நாம் குறை சொல்வதில்லை. ஆனால் அந்த 5 ஓம் வழியாக 30,000 ஆம்பியர் இறங்கும் கணத்தில் டவரின் அடிப்பகுதி ஒன்றரை லட்சம் வோல்ட்டுக்கு உயர்ந்துவிடுகிறது. சற்றுத் தள்ளியிருக்கும் வீட்டு எர்த் அந்த அளவுக்கு உயர்வதில்லை. இரண்டு குழிகளையும் இணைக்க வெளியே கம்பி இல்லாவிட்டாலும் உள்ளே ஒரு பாதை இருக்கிறது. ஆன்டெனாவிலிருந்து வரும் கோஆக்சியல் கேபிளின் மேல்வலை, பேசவும் கேட்கவும் உதவும் கருவியான டிரான்ஸீவருக்கு வருகிறது, டிரான்ஸீவர் பவர் சப்ளையோடு இணைந்திருக்கிறது, பவர் சப்ளையின் மூன்று பின் பிளக் வீட்டு எர்த்துக்குப் போகிறது. நாம் வெளியே இணைக்காமல் விட்டதை மின்னல் கருவிகளுக்குள்ளேயே இணைத்துக்கொள்கிறது.

கோடை இடிக்குப் பிறகு நான் பார்க்கப் போன ஒரு வீட்டில் டவருக்கு எந்தச் சேதமும் இல்லை. அதன் தனிக் குழியில் உப்பும் கரியும் இட்டு, தண்ணீர் ஊற்றி அக்கறையோடு பராமரித்திருந்தார்கள். அறைக்குள் டிரான்ஸீவரின் ஆன்டெனா சாக்கெட்டும், பவர் சப்ளை போர்டில் எர்த் போகும் தடமும் கருகியிருந்தன. ஆன்டெனாவைத் திருப்பும் ரோட்டேட்டரின் கட்டுப்பாட்டுப் பெட்டியும் பிராட்பேண்ட் ரவுட்டரும்கூடத் தப்பவில்லை. கூட இருந்த மூத்த வயர்மேனிடம், டவர் எர்த்தையும் வீட்டு எர்த்தையும் இணைத்துவிடலாம் என்றேன். “தம்பி, அப்படிச் செஞ்சா மின்னல நாமளே வீட்டுக்குள்ள கூப்பிட்ட மாதிரி ஆயிடாதா?” என்று கேட்டார். நியாயமான பயம்தான். “எல்லாம் ஒண்ணா ஏறி ஒண்ணா இறங்கினா, நடுவுல பாய வோல்டேஜ் வித்தியாசமே பெருசா இருக்காதுண்ணே” என்றேன். வெள்ளத்தில் படகும் படகிலிருக்கும் பொருள்களும் சேர்ந்தே உயர்வதைப் போலத்தான் இது.

அந்த வீட்டில் செய்ததையே இன்றும் எல்லா இடங்களிலும் செய்கிறேன். கேபிள்கள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில், சுவரின் வெளிப்புறம், ஒரே ஒரு செம்புத் தகடு. கோஆக்சியல் கேபிள்களில் வரும் மிகை மின்னழுத்தத்தை எர்த்துக்குத் திருப்பிவிடும் வாயுக்குழல் அரெஸ்டர்கள், ரோட்டேட்டர் ஒயருக்கான சர்ஜ் (திடீர் மின்னெழுச்சி) பாதுகாப்பு, அறைக்கு வரும் மின்சாரத்துக்கும் பிராட்பேண்டுக்கும் உரிய பாதுகாப்பு என எல்லாமே அந்தத் தகட்டில்தான் அமர வேண்டும். அதிலிருந்து டவர் எர்த்துக்கும் வீட்டு எர்த்துக்கும் உலோகப் பட்டை போக வேண்டும். ஏதேனும் ஒரு கேபிள் இந்தத் தகட்டைத் தவிர்த்து வேறு ஜன்னல் வழியாக நுழைந்தாலும் மற்ற ஏற்பாடுகள் பெருமளவு வீணாகிவிடும்.

பட்டையின் நீளத்தில் நான் மிகவும் கண்டிப்பாக இருக்கிறேன். நேரான கம்பிக்கு மீட்டருக்குச் சுமார் 1 மைக்ரோஹென்றி தூண்டல், அதாவது மின்னோட்டம் திடீரென மாறுவதை எதிர்க்கும் குணம், உண்டு. மின்னோட்டம் மைக்ரோ வினாடிக்கு 10,000 ஆம்பியர் வேகத்தில் ஏறினால், கம்பியின் ஒவ்வொரு மீட்டரிலும் 10,000 வோல்ட் எழும். மெக்கர் காட்டும் ஓம் கணக்கில் இது தெரியவே தெரியாது. ஆகவேதான் அரெஸ்டரைத் தகட்டிலேயே முடுக்குகிறேன். உருண்டைக் கம்பிக்குப் பதில் அகலமான பட்டையைப் போடுகிறேன். அழகுக்காகச் சுவர் மூலையில் செங்கோணமாக மடிக்க விடுவதில்லை. 3 மீட்டர் ராடுகள் என்றால் அவற்றுக்கிடையே 6 மீட்டர் இடைவெளி விட்டு அடிக்கிறோம். நெருக்கி அடித்தால் ஒன்றின் மண்ணையே இன்னொன்றும் பயன்படுத்தும். ராடு இறங்காத பாறை நிலத்தில் டவர் அடித்தளத்தின் கான்கிரீட்டுக்குள் இருக்கும் முறுக்குக் கம்பிகளையும் எர்த்தோடு சேர்த்துக்கொள்கிறோம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் அரிசோனாவில், வறண்ட மண்ணில் நின்ற வெடிமருந்துக் கிடங்குகளுக்காக ஹெர்பர்ட் ஊஃபர் வகுத்த முறை இது.

செம்பை நேரடியாக ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) டவர் காலில் முடுக்கினால் மழை ஈரத்தில் துத்தநாகப் பூச்சு அரித்துப்போகும். இடையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிளாம்ப் வேண்டும். செம்பு திருடுபோகும் இடங்களில் முழுவதும் ஜிஐ பட்டையே போட்டுவிடுகிறோம்.

இடி கேட்பதற்கு முன்பே கேபிளைக் கழற்றி வெளியே விடுவது இவை எல்லாவற்றையும் விடப் பாதுகாப்பானது என்பதை நான் மறைப்பதில்லை. பொழுதுபோக்காகப் பேசுபவர்கள் அதைத்தான் செய்ய வேண்டும். ஆனால் 2004 டிசம்பரில் சுனாமி தாக்கியபோது, போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத்தும் அவருடைய குழுவினரும் அமெச்சூர் ரேடியோ வழியாகத்தான் அந்தமானிலிருந்து செய்தி அனுப்பினார்கள். புயல் நாளில் அப்படி ஒரு பொறுப்பை ஏற்கக் காத்திருக்கும் நிலையத்தால் இடி கேட்டவுடன் கேபிளைக் கழற்றிவிட முடியாது. அத்தகைய நிலையங்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் போய், ஒவ்வொரு கிளாம்பையும் அவிழ்த்து, துருவைத் தேய்த்து, மறுபடி முடுக்கித் தருகிறேன்.