ஃபோன்டான் ஆன பிள்ளையும் கத்திரி வெயிலும்

சென்னைப் பெற்றோர் கவனத்துக்கு. ஃபோன்டான் என்பது இதயத்தின் கீழறைகளில் ஒன்று மட்டுமே சரியாக வேலைசெய்யும் பிள்ளைகளுக்குச் செய்யும் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு நுரையீரலுக்கென்று தனி பம்ப் கிடையாது. அசுத்த ரத்தம் பெருஞ்சிரைகளிலிருந்து நேராக அங்கே போகிறது. தள்ளிவிடுவது சிரை அழுத்தம்தான், பொதுவாக 10–15 மி.மீ. பாதரசம். மூச்சை இழுப்பதும் கெண்டைக்கால் தசை அசைவதும் கொஞ்சம் துணை. அதனால்தான் இந்த வெயிலில் பேதி வந்து உடம்பில் நீர் வற்றினால் நுரையீரலுக்குப் போகும் ரத்தம் குறையும், இதயத்துக்குத் திரும்புவதும் குறையும். பிள்ளை எழுந்து நின்றதும் கண் இருட்டும். உடனே படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள், நினைவோடு இருந்தால் ஓ.ஆர்.எஸ். கொடுங்கள், ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். நீர் பிரியும் மாத்திரை எடுக்கும் பிள்ளையென்றால் அடுத்த வேளை கொடுக்குமுன் டாக்டரைக் கேளுங்கள்.

சில பிள்ளைகளுக்கு அசுத்த ரத்தம் போகும் பாதைக்கும் இதயத்துக்கும் நடுவே டாக்டர்கள் ஒரு சின்ன ஓட்டை விட்டிருப்பார்கள், அதுதான் ஃபெனஸ்ட்ரேஷன். அது இருந்தால் டிரிப்ஸ் போடும் நர்ஸிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், தயவுசெய்து. டிரிப்ஸ் குழாயில் இருக்கும் சின்னக் காற்றுக்குமிழ்கூட அந்த ஓட்டை வழியாக மூளைக்குப் போய்விடலாம்.