விண்டோஸ் இருக்கும் கணினியில் லினக்ஸ்: பென்டிரைவைச் செருகும் முன்பே முடிக்கவேண்டிய வேலைகள்

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்துவிட்டது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லாத கணினியை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய ப்ராசசர்களும் ஏறக்குறைய எல்லாமே அதன் பட்டியலுக்கு வெளியேதான். அதனால் இலவச இயங்குதளமான லினக்ஸ் பக்கம் பார்வை திரும்புகிறது. ஆனால் கணக்கு எழுத டேலி வேண்டும், படத்துக்கு போட்டோஷாப் வேண்டும், பிள்ளைகளுக்கு வேலரன்ட் விளையாட்டு வேண்டும் என்றால் விண்டோஸை அடியோடு தூக்கவும் முடியாது. இரண்டையும் ஒரே கணினியில் வைக்கும் டூயல் பூட் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 2011இல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் என்ற இந்திய லினக்ஸும் சேர்ந்து வந்த கணினிகள் உண்டு.

லினக்ஸைச் சும்மா தொட்டுப்பார்க்க மட்டும் ஆசை என்றால் இதெல்லாம் வேண்டாம், விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டிக்காட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் போதும். ஆனால் 8 ஜிபி ரேம் உள்ள கணினியில் விர்ச்சுவல் மெஷினுக்குப் பாதியைக் கொடுத்தால் இரண்டும் இழுக்கும், கிராபிக்ஸ் கார்டின் முழுப் பலனும் கிடைக்காது. அன்றாடம் லினக்ஸில் வேலை செய்யப்போகிறவர்களுக்கு டூயல் பூட்தான் சரி.

லினக்ஸை நிறுவுவது இருபது நிமிட வேலை. சிக்கல் வருவது பெரும்பாலும் விண்டோஸ் பக்கத்தில் செய்யாமல் விட்ட வேலையால், இல்லையென்றால் இரண்டும் பங்குபோடும் ஏதோ ஒன்றால். ஆகவே விண்டோஸிலிருந்தே தொடங்குவோம்.

முதலில் பேக்கப். வெளி ஹார்டு டிஸ்க்கில் எடுத்து, அதைக் கழற்றி வைத்துவிடுங்கள். செருகியே இருந்தால் நிறுவும்போது தவறான டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கும் ஆபத்து உண்டு.

அடுத்தது டிஸ்க்கையே என்கிரிப்ட் செய்து பூட்டிவைக்கும் பிட்லாக்கர். "நான் அதைப் போடவே இல்லையே" என்பார்கள் பலர். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்தாலே, ஹோம் பதிப்பிலும் டிவைஸ் என்கிரிப்ஷன் தானாகத் தொடங்கிவிடும். செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பக்கத்தில் அது ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீயை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள். செக்யூர் பூட்டையோ (கையொப்பம் பெற்ற நிரலை மட்டுமே தொடங்கவிடும் அமைப்பு) பூட் முறையையோ மாற்றினால், டிபிஎம் சிப் "நிலவரம் மாறிவிட்டது" என்று கருதி டிஸ்க்கைத் திறக்க மறுக்கும். நீல நிறத் திரையில் அந்த 48 இலக்கத்தைக் கேட்கும். அது கையில் இல்லையென்றால் சி டிரைவில் இருப்பதை மறந்துவிட வேண்டியதுதான். பாதுகாப்பான வழி, என்கிரிப்ஷனை முழுக்க ஆஃப் செய்து, டீகிரிப்ட் ஆகி முடியும்வரை காத்திருந்து, லினக்ஸை நிறுவியபின் வேண்டுமானால் மறுபடி ஆன் செய்வது.

மூன்றாவது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். இது இருக்கும்போது "ஷட் டவுன்" கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. இயங்குதளத்தின் மையமான கெர்னலின் நிலையை டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டு அரைத்தூக்கத்தில் இருக்கிறது. அந்த நிலையில் லினக்ஸ் உள்ளே போனால் சி டிரைவைப் படிக்க மட்டுமே விடும், அல்லது மவுன்ட் செய்யவே (இணைத்துத் திறக்கவே) மறுக்கும். வலுக்கட்டாயமாக எழுதினால் ஃபைல் சிஸ்டம் கெடும். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் என்ன செய்யவேண்டும் என்ற பக்கத்தில் டிக்கை எடுக்கலாம். ஹைபர்னேட் வேண்டாம் என்பவர்கள் அட்மின் உரிமையோடு கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து, பவர்சிஎஃப்ஜி கட்டளையால் ஹைபர்னேஷனையே நிறுத்தலாம். பெரிய விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு இது மறுபடி ஆன் ஆகியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி இடம். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து ஷ்ரிங்க் வால்யூம். அளவை எம்பியில் கேட்கும்: 60 ஜிபிக்கு 61440, 100 ஜிபிக்கு 102400. பாதி டிரைவ் காலியாக இருந்தும் சில ஜிபிக்கு மேல் சுருக்கமுடியாது என்று சொன்னால், நகர்த்தமுடியாத ஃபைல் ஏதோ நடுவில் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். பேஜ் ஃபைல், ஹைபர்னேஷன் ஃபைல், சிஸ்டம் ரெஸ்டோரின் நிழல் நகல்கள் ஆகிய மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணம். மூன்றையும் தற்காலிகமாக நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்து, சுருக்கிவிட்டு, பேஜ் ஃபைலையும் ரெஸ்டோரையும் மறுபடி இயக்குங்கள். கடைசியில் இருக்கும் சிறிய ரெக்கவரி பார்ட்டிஷனைத் தொடவேண்டாம். காலி இடம் அதற்கும் சி-க்கும் நடுவில் வருவதில் எந்தக் குறையும் இல்லை.

இன்டெல் லேப்டாப்களில் ஒரு கண்ணி உண்டு. நிறுவப் போனால் "டிஸ்க்கே இல்லை" என்று லினக்ஸ் சொல்லும், அல்லது ஆர்எஸ்டியை அணைக்கச் சொல்லும். எஸ்எஸ்டியை ஆர்எஸ்டி என்ற ரெய்டு முறையில் வைத்து விற்றிருப்பார்கள். கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் நேராக ஏஎச்சிஐ என்ற சாதாரண முறைக்கு மாற்றினால் விண்டோஸ் நீலத்திரையில் நின்றுவிடும், ஏனென்றால் பூட்டின்போது ஏற்ற ஏஎச்சிஐ டிரைவர் தயாராக இருக்காது. அதனால் வரிசை முக்கியம். முதலில் எம்எஸ்கான்ஃபிக்கில் பூட் டேபில் சேஃப் பூட் டிக் செய்து ரீஸ்டார்ட்; அந்த ரீஸ்டார்ட்டிலேயே பயாஸுக்குள் போய் ஏஎச்சிஐ; விண்டோஸ் சேஃப் மோடில் தேவையான டிரைவரைத் தானே ஏற்றிக்கொள்ளும்; பிறகு அந்த டிக்கை எடுத்து மறுபடி ரீஸ்டார்ட். சேஃப் மோடில் பின் நம்பர் வேலை செய்யாமல் போகலாம், ஆகவே கணக்கின் உண்மையான பாஸ்வேர்டு தெரிந்திருக்கவேண்டும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, மாட்டிக்கொண்டபிறகுதான் தெரியும்.

விண்டோஸ் பக்கத்தில் கடைசியாக, எம்எஸ்இன்ஃபோ32-ஐத் திறந்து பயாஸ் மோடு என்ற வரியில் யூஈஎஃப்ஐ (புதிய பூட் முறை) என்று இருக்கிறதா, லெகசி (பழைய முறை) என்று இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் எந்த முறையில் இருக்கிறதோ அதே முறையில்தான் லினக்ஸும் நிறுவப்படவேண்டும்; இல்லையென்றால் ஒன்றின் மெனுவிலிருந்து மற்றொன்றைத் தொடங்கமுடியாது. பூட் மெனுவில் ஒரே பென்டிரைவ் இரண்டு முறை தெரிவது இதனால்தான். விண்டோஸ் யூஈஎஃப்ஐ முறையில் இருந்தால், யூஈஎஃப்ஐ என்ற முன்னொட்டு உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். பூட் மெனுவுக்கான விசை பிராண்டுக்குப் பிராண்டு மாறும்: டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9, ஏசுஸ் லேப்டாப்பில் எஸ்கேப்.

பென்டிரைவ் 8 ஜிபி இருந்தால் போதும். லினக்ஸின் ஐஎஸ்ஓ ஃபைலை இறக்கியதும் அதன் எஸ்எச்ஏ256 எண், தளத்தில் தந்திருப்பதோடு பொருந்துகிறதா என்று சரிபாருங்கள். பாதியில் அறுந்த டவுன்லோடு நிறுவும்போது நடுவழியில் விசித்திரமான பிழைகளைத் தரும். அதைப் பென்டிரைவில் எழுத ரூஃபஸ் என்ற மென்பொருள் நல்லது. பல டிஸ்ட்ரோக்களை (உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் வகைகளை) ஒரே பென்டிரைவில் வைத்துப் பார்க்க விரும்பினால் வென்டாய்.

நிறுவும்போது "விண்டோஸின் பக்கத்தில் நிறுவு" என்ற சுலப வழி வரும். இரண்டு டிஸ்க் இல்லாத சாதாரணக் கணினியில் அது ஒழுங்காகவே வேலை செய்கிறது. நான் கையால் பிரிப்பதையே பரிந்துரைப்பேன்: காலி இடத்தில் ரூட்டுக்கு (இயங்குதளத்துக்கு) 50 ஜிபி, மீதி ஹோமுக்கு (சொந்த ஃபைல்களுக்கு), இரண்டும் இஎக்ஸ்டி4 ஃபார்மேட்டில். ஹோம் தனியாக இருந்தால் நாளை டிஸ்ட்ரோவை மாற்றினாலும் சொந்த ஃபைல்கள் அப்படியே இருக்கும். ரேம் போதாதபோது கைகொடுக்கும் ஸ்வாப்புக்குத் தனி பார்ட்டிஷன் தேவையில்லை; உபுண்டு, மின்ட் இரண்டும் ஸ்வாப் ஃபைலைத் தாமே உருவாக்கிக்கொள்ளும்.

இந்தத் திரையில் ஒரே ஒரு இடத்தில்தான் மூச்சைப் பிடித்துக்கொள்ளவேண்டும். பூட் ஃபைல்களை வைத்திருக்கும் ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் ஃபேட்32-இல் இருக்கும், வழக்கமாக 100 எம்பி. அதைத்தான் இரு இயங்குதளங்களும் பங்குபோடும். அதைத் தேர்ந்தெடுக்கவேண்டும், ஆனால் ஃபார்மேட் டிக்கை மட்டும் போடவே கூடாது. போட்டால் விண்டோஸின் பூட் மேனேஜர் போயிற்று. விண்டோஸ் நிறுவும் பென்டிரைவில் பூட் செய்து பிசிடிபூட் கட்டளையால் மறுபடி எழுதவேண்டியிருக்கும். 100 எம்பி போதுமா என்றால், உபுண்டுவுக்கும் மின்டுக்கும் தாராளம், ஏனென்றால் அங்கே லினக்ஸின் பூட் மெனுவான கிரப்பின் சில எம்பி மட்டுமே போகிறது. கெர்னலையே அந்தப் பார்ட்டிஷனில் வைக்கும் பாப் ஓஎஸ் போன்றவற்றுக்குப் போதாது.

செக்யூர் பூட்டை அணைத்துவிடு என்று இணையத்தில் பத்தில் எட்டு பேர் எழுதுவார்கள். உபுண்டு, ஃபெடோரா, மின்ட் எதற்கும் அது தேவையில்லை. மைக்ரோசாஃப்டின் கையொப்பம் பெற்ற ஷிம் என்ற சிறு நிரல் அவற்றில் இருக்கிறது. விண்டோஸ் 11-இல் வேலரன்ட் ஓட செக்யூர் பூட் ஆனில் இருந்தாகவேண்டும் என்பதையும் கணக்கில் எடுங்கள். என்விடியா டிரைவர் போடும்போது மட்டும் ஒரு தற்காலிக பாஸ்வேர்டு கேட்கும். அடுத்த ரீஸ்டார்ட்டில் வரும் நீலநிற மெனுவில் என்ரோல் மோக் தேர்ந்தெடுத்து அதே பாஸ்வேர்டைத் தரவேண்டும். அந்த மெனுவைப் புரியாமல் கடந்துபோனவர்கள்தான் "டிரைவர் போட்டும் வேலை செய்யவில்லை" என்று புலம்புகிறவர்கள்.

செக்யூர் பூட்டால் சிக்கலே வராது என்றும் சொல்லமுடியாது. 2024 ஆகஸ்ட் மாத விண்டோஸ் அப்டேட் ஒன்று பழைய ஷிம்களைத் தடைசெய்யும் எஸ்பேட் விதியை டூயல் பூட் கணினிகளிலும் போட்டுவிட்டது. அதன்பின் லினக்ஸைத் தேர்ந்தெடுத்தால் "செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்" என்று சொல்லி அணைந்துவிடும். செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸுக்குள் போய், மோக்யூடில் கட்டளையால் எஸ்பேட் பாலிசியை நீக்கி, ஷிம்மைப் புதுப்பித்துவிட்டு, மறுபடி ஆன் செய்தால் சரியாகும்.

நிறுவி முடித்ததும் மெனுவே வராமல் நேராக விண்டோஸ் வருகிறதா? லினக்ஸ் எங்கும் போய்விடவில்லை. பயாஸில் பூட் வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜர் மேலே இருக்கும். உபுண்டுவை அதற்கு மேல் ஏற்றுங்கள். சில விண்டோஸ் அப்டேட்டுகளும் இந்த வரிசையை மாற்றிவிடும். இதற்கு நேர்மாறாக, மெனு வந்தும் அதில் விண்டோஸ் இல்லையென்றால் காரணம் வேறு. 2021இல் வந்த கிரப் 2.06 முதல், பிற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபர் இயல்பாகவே அணைந்திருக்கிறது. கிரப்பின் டிஃபால்ட் ஃபைலில் டிசேபிள் ஓஎஸ் ப்ரோபர் என்ற வரியை ஃபால்ஸ் என்று வைத்து, அப்டேட்-கிரப் கொடுங்கள்.

பிறகு கடிகாரம். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு மாறினால் நேரம் ஐந்தரை மணி பின்னால் போயிருக்கும். மதர்போர்டு கடிகாரத்தில் இருப்பதை விண்டோஸ் உள்ளூர் நேரமாகப் படிக்கிறது, லினக்ஸ் யூடிசியாக (உலகப் பொது நேரமாக) படிக்கிறது. காலை 10 மணிக்கு லினக்ஸ் அதில் 4.30 என்று எழுதும். விண்டோஸ் அதை அப்படியே அதிகாலை 4.30 என்று காட்டும். டைம்டேட்சிடிஎல் கட்டளையில் செட்-லோக்கல்-ஆர்டிசி 1 என்று கொடுத்து லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது. கோடைக்கால நேரமாற்றம் உள்ள நாடுகளில் இது ஆண்டுக்கு இருமுறை குழப்பும். அங்கே இருப்பவர்கள் விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் ரியல்டைம்இஸ்யுனிவர்சல் என்பதை 1 ஆக்கி, விண்டோஸை யூடிசிக்குக் கொண்டுவருவது மேல். இந்தியாவிலும் இலங்கையிலும் அந்தக் கவலை இல்லை.

ப்ளூடூத் ஹெட்செட்டும் இதே வகைத் தொல்லை. இரண்டு இயங்குதளத்திலும் ஒரே அடாப்டர், ஒரே முகவரி. ஆனால் பேரிங் செய்யும்போதெல்லாம் புதிய கீ உருவாகும். லினக்ஸில் இணைத்ததும் விண்டோஸில் இருந்த கீ செல்லாததாகிவிடும். முதலில் லினக்ஸில், பிறகு விண்டோஸில் பேர் செய்து, விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியிலிருந்து கீயை எடுத்து லினக்ஸின் ப்ளூடூத் ஃபோல்டரில் ஒட்டலாம். பொறுமை இல்லாதவர்கள் ஒவ்வொரு முறையும் மறுபடி பேர் செய்துகொள்ளலாம்.

படங்கள், பாட்டுகள், ஆவணங்களை இரண்டிலும் பார்க்க விண்டோஸின் ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ்ஸில் ஒரு தனி பார்ட்டிஷன் போதும். 2021இல் வந்த 5.15 கெர்னல் முதல் என்டிஎஃப்எஸ்3 டிரைவர் உள்ளேயே இருக்கிறது. "டர்ட்டி" என்று சொல்லி மவுன்ட் ஆகாவிட்டால் லினக்ஸில் மல்லுக்கட்டாமல், விண்டோஸில் செக்டிஸ்க் ஓட்டுங்கள். ஸ்டீம் விளையாட்டுகளை மட்டும் அந்தப் பார்ட்டிஷனில் பொதுவாக வைக்காதீர்கள். விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்டும் புரோட்டான் உருவாக்கும் சில பெயர்களில் முக்காற்புள்ளி வரும். விண்டோஸ் அதை ஏற்காது.

டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் இரண்டாவது எஸ்எஸ்டி வாங்கிவிடுங்கள், 256 ஜிபி போதும். சுருக்கும் வேலையே இல்லை. ஒன்று கெட்டால் மற்றது ஓடும். லினக்ஸை நிறுவும்போது மட்டும் விண்டோஸ் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றுங்கள். உபுண்டுவின் பழைய நிறுவி, நீங்கள் இரண்டாவது டிஸ்க்கைக் காட்டினாலும் கிரப்பை முதல் டிஸ்க்கின் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனில் கொண்டுபோய் வைத்த வழு பெயர்பெற்றது.

லினக்ஸை நீக்க நேர்ந்தால், முதலில் பயாஸில் விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே வைத்து விண்டோஸ் தானாகத் தொடங்குகிறதா என்று பாருங்கள். பிறகு டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் லினக்ஸ் பார்ட்டிஷன்களை மட்டும் நீக்குங்கள். அவற்றுக்கு டிரைவ் எழுத்து இருக்காது, அளவை வைத்து அடையாளம் காணவேண்டும். ஈஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கு மவுன்ட்வால் கட்டளையால் ஓர் எழுத்து கொடுத்து, உள்ளே இருக்கும் உபுண்டு ஃபோல்டரை அழிக்கலாம். மைக்ரோசாஃப்ட் ஃபோல்டரைத் தொடக்கூடாது. காலி இடம் சி-க்கு உடனடுத்து வலப்பக்கம் இருந்தால்தான் எக்ஸ்டென்ட் வால்யூம் வேலை செய்யும். நடுவில் பொது என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷன் இருந்தால் அதில் உள்ளதை நகலெடுத்துவிட்டு அதையும் நீக்கவேண்டியிருக்கும். எனவே அந்தப் பார்ட்டிஷனை ஆரம்பத்திலேயே லினக்ஸுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள்.