கம்பி எப்படி மேடம் விளையும்?

ஒரு பாலிடெக்னிக்கில் மெட்டீரியல் டெஸ்டிங் லேபில் இருக்கிறேன். 22 வருஷமாகக் கம்பியை இழுத்து அறுப்பதுதான் பிழைப்பு. போன வாரம் சிவில் இரண்டாம் வருஷப் பையன் ஒருவன், தமிழ் மீடியத்திலிருந்து வந்தவன், எழுந்து கேட்டான். "மேடம், யீல்டுன்னா மகசூல்னு டிக்‌ஷனரில போட்டிருக்கு. கம்பி எப்படி மேடம் விளையும்?"

மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. படிக்கிற காலத்தில் நானும் இதே இடத்தில் முழித்தவள்தான். கேட்கத் தைரியம் இல்லாமல் 'யீல்ட் பாயின்ட்' என்று உருப்போட்டு எழுதி பாஸாகிவிட்டேன்.

"மெஷினைப் போடு, பார்க்கலாம்" என்றேன். 12 எம்எம் மைல்டு ஸ்டீல் துண்டு ஒன்றை மாட்டினோம். எங்களுடையது பழைய யூடிஎம், அதாவது யுனிவர்சல் டெஸ்டிங் மெஷின். கம்ப்யூட்டர் திரையெல்லாம் கிடையாது, சுவர்க்கடிகாரம் மாதிரி பெரிய டயலும் முள்ளும்தான். வால்வைத் திறந்ததும், இழுக்கும் பளுவைக் காட்டும் முள் சீராக ஏறும். 10, 20, 25 கிலோ நியூட்டன். 30-ஐத் தாண்டியதும் சட்டென்று நின்றுவிடும். மெஷின் ஓடுகிறது, கம்பி நீள்கிறது, முள் மட்டும் நகராது. சில சமயம் மயிரிழை பின்வாங்கும். கம்பியின் மேலிருக்கும் கருந்தோல் பொடிப்பொடியாக உதிரும். அதுதான் யீல்ட். அதற்கு முன்னால் பளுவை எடுத்திருந்தால் கம்பி பழைய நீளத்துக்கே வந்திருக்கும். இனி வராது. அதற்காக அறுந்தும் போகாது. கொஞ்ச நேரத்தில் திரும்ப முறுக்கிக்கொள்ளும், முள் மறுபடி ஏறும், கடைசியில் ஓரிடத்தில் இடுப்பு சிறுத்து டமாரென்று அறும். அறுந்த நுனியைத் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். சுடும்.

முள் நின்ற இடத்திலேயே பின்னாலிருந்து ஒருவன் "விட்டுக்கொடுத்துடுச்சு மேடம்" என்றான். இத்தனை வருஷத்தில் எனக்கு இந்த வார்த்தை தோன்றவில்லை.

சரி, மகசூல் எங்கிருந்து வந்தது? பழைய ஆங்கிலத்தில் யீல்ட் என்ற வினைக்குப் பணம் கட்டுவது, கடனைத் தீர்ப்பது என்று பொருள். ஜெர்மனில் பணத்தைச் சொல்லும் 'கெல்ட்' அதற்குப் பங்காளி. 991-ல் டேனியர் படைக்கு 10,000 பவுண்டு வெள்ளியைக் கொடுத்துத் திருப்பி அனுப்பியது இங்கிலாந்து. அப்படிக் கட்டிய கப்பத்துக்குப் பின்னாளில் டேன்கெல்ட் என்று பெயர் வந்தது, அதிலும் இதே வேர்தான். நமக்கு இதில் புதிதாக என்ன இருக்கிறது? திறை கட்டினான் என்றாலே பணிந்துவிட்டான் என்றுதானே அர்த்தம். உழுதவனுக்கு மண் கட்டுவது மகசூல். இரண்டும் ஒரே சொல்லுக்குள் போய் உட்கார்ந்ததில் ஆச்சரியமில்லை.

என் அப்பா மகசூல் என்று சொல்லிக் கேட்டதில்லை. மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊரில் அது கண்டுமுதல். "மாவுக்கு எத்தனை மூட்டை கண்டுச்சு?" என்றுதான் கேட்பார்கள். மா என்பது எங்கள் பக்கத்து நில அளவு. களத்தில் தூற்றி, மூட்டை பிடித்து, கண்ணால் கண்டதுதான் கணக்கு. வரப்பில் போகிறவர் யாராவது "நல்லா விளைஞ்சிருக்கே" என்றால் அப்பா பதிலே சொல்லமாட்டார். ஒரு வருஷம் பொங்கலுக்கு முந்தின வாரம் மழை பிடித்துக்கொண்டு முற்றிய கதிரெல்லாம் படுத்துவிட்டது. "நாலு மூட்டைகூடக் காணலை" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய் ரொம்ப நேரம் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

பையன்களுக்கு ஒரு குறுக்குவழி சொன்னேன். யீல்டுக்குப் பின்னால் 'டு' வந்தால் பெரும்பாலும் பணிவது, வராமல் நேராக ஒரு பொருள் வந்தால் தருவது. மரம் பழத்தை யீல்ட் பண்ணும். நிர்வாகம் போராட்டத்துக்கு, அதாவது 'டு' போட்டு, யீல்ட் ஆகும். அடம்பிடித்த பிள்ளைக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்ததைச் சொல்ல இவ்வளவு கனமான சொல் வேண்டாம், பேச்சில் 'கிவ் இன்' போதும்.

டெக்சாஸில் இருக்கும் என் தம்பிக்கு யீல்ட் என்றால் 'வழிவிடு' என்று சொல்லும் ரோட்டுப் பலகைதான். அமெரிக்காவில் அந்தப் பலகையை முதலில் நட்டது 1950-ல், ஓக்லஹோமாவின் டல்சா நகரத்தில். நம் ஊரில் அதே தலைகீழ் முக்கோணம், எழுத்து இல்லாமல். எங்கள் ரவுண்டானாவிலும் ஒன்று நிற்கிறது. அதன்மேல் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள்.

கம்பிக்கே வருகிறேன். வீடு கட்டுகிறவர்கள் கடையில் எஃப்ஈ 500 என்று கேட்டு வாங்குகிறார்களே, அந்த 500 அறுகிற கணக்கு இல்லை, விட்டுக்கொடுக்கிற கணக்கு. சதுர மில்லிமீட்டருக்கு 500 நியூட்டன். 12 எம்எம் கம்பி ஒன்று ஏறக்குறைய ஐந்தே முக்கால் டன் வரை பிடிவாதமாக நிற்க வேண்டும். அதற்குமேல் இளகலாம், இளகத்தான் வேண்டும். கான்கிரீட்டுக்கு விட்டுக்கொடுக்கத் தெரியாது, ஒரேயடியாக நொறுங்கும். அதனால் கான்கிரீட் நொறுங்குவதற்கு முன்னால் கம்பி இளகுகிற மாதிரி அளவு வைத்துத்தான் பீமை டிசைன் செய்கிறோம். பீம் தொய்யும், அடியில் விரிசல் விழும், உள்ளே இருப்பவர்கள் வெளியே ஓட நேரம் கிடைக்கும். "பயமா இருக்கு, ரெண்டு கம்பி சேர்த்துப் போட்டுடுங்க" என்று மேஸ்திரியிடம் சொல்கிற வீட்டுக்காரர்களுக்கு, கம்பி கூடிப்போனால் கான்கிரீட் முந்தி நொறுங்கிவிடும் என்று புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டை வற்றிவிடும்.

நேற்று ரெக்கார்டு நோட்டுகள் வந்தன. அந்தப் பையன் அட்டவணையில் யீல்ட் லோடு என்று இருக்க வேண்டிய இடத்தில் தமிழில் எழுதியிருந்தான்: 'கம்பி இறங்கி வந்த பளு, 30.5 கிலோ நியூட்டன்.' சிவப்புப் பேனாவைத் திறந்தேன். 30.5 சரியா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.