பதினெட்டாம் கணக்கு காணாமல் போன ஞாயிற்றுக்கிழமை

சிங்கப்பூர் தேக்காவில் மாமாவுக்கு மளிகைக்கடை. சாமானை எடுத்துக்கொண்டு சம்பளம் வந்ததும் பணம் கட்டுகிறவர்கள் 412 பேர். எல்லார் கணக்கும் ஒரே பாக்கி நோட்டில் இருந்தது. நான் மாலை வகுப்பில் சி என்ற நிரல்மொழி படித்துக்கொண்டிருந்த நேரம் அது. கணினியில் ஏற்றித் தருகிறேன் என்று நானே கேட்டு அந்த நோட்டை வாங்கி வந்தேன்.

கோப்பில் ஓர் ஆளின் பதிவுக்கு 64 பைட் என்று வகுத்தேன். எண்ணுக்கு 4, பெயருக்கு 48, பாக்கிக்கு 4, தொலைபேசிக்கு 8. சிங்கப்பூர் எண்கள் எட்டு இலக்கம்தான், அதனால் அந்த 8 கச்சிதமாகப் பொருந்தியது. பாக்கியைக் காசாகவே வைத்தேன்: 37 வெள்ளி 40 காசு என்றால் 3740.

எல்லாப் பதிவும் ஒரே நீளம் என்பதில்தான் இந்த முறையின் அழகு இருக்கிறது. 17ஆம் ஆள் வேண்டுமென்றால் முன்னால் இருக்கும் 16 பேரைப் படிக்கத் தேவையில்லை. 16ஐ 64ஆல் பெருக்கினால் 1024. கோப்பின் தொடக்கத்திலிருந்து 1024 பைட் தள்ளிப் போ என்று, கோப்புக்குள் இடம் மாற்றும் எஃப்சீக் என்ற சி கட்டளையிடம் சொன்னால் போதும், நேரே அங்கே போய் நிற்கும். எஸ்க்யூலைட் போன்ற தரவுத்தளமும் உள்ளுக்குள் இதே கணக்கைத்தான் போடுகிறது; கோப்பைச் சம அளவுப் பக்கங்களாகப் பிரித்து, பக்க எண்ணில் ஒன்றைக் கழித்துப் பக்க அளவால் பெருக்குகிறது. இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கோப்பைத் திறந்ததும் கிடைப்பதை எஃப்பி என்று ஒரு மாறியில் வைக்கிறோமே, அதையும் ஃபைல் பாயிண்டர், அதாவது சுட்டி, என்கிறார்கள், கோப்புக்குள் இப்போது எந்த பைட்டில் நிற்கிறோம் என்பதையும் அப்படியே சொல்கிறார்கள். நகர்வது இரண்டாவது. நான் ரொம்ப நாள் இரண்டையும் ஒன்றாகவே நினைத்திருந்தேன்.

முதலில் கோப்பை 'ஏ பிளஸ்' (a+) முறையில் திறந்தேன். வீட்டில் மூன்று பாக்கிகளை மாற்றிப் பார்த்தால் எதுவும் மாறவில்லை. சுட்டியைக் கடைசிக்குக் கொண்டுபோய், அது நிற்கும் இடத்தைச் சொல்லும் எஃப்டெல்லைக் கேட்டேன். 26368 இருக்க வேண்டிய இடத்தில் 26560 என்றது. மூன்று பதிவுகள் கோப்பின் வாலில் ஒட்டிக்கொண்டிருந்தன. அந்த முறையில் சுட்டியை எங்கே நகர்த்தினாலும் எழுதுவது கடைசியில்தான் விழும். இருக்கும் பதிவின் மேலேயே எழுத விடும் 'ஆர் பிளஸ் பி'க்கு (r+b) மாறினேன்.

அடுத்த ஞாயிறு நிரலைக் கடையில் வைத்தோம். கூட்டமான நாள். 17ஆம் எண் அண்ணன் 20 வெள்ளி கட்டினார். அவர் பதிவைப் படித்தேன், பாக்கியைக் குறைத்தேன், எழுதினேன். கொஞ்ச நேரத்தில் மாமா கூப்பிட்டார்.

"மாப்ள, இந்தத் தம்பி பேரு ரெண்டு தடவை வருது. பாட்டி கணக்கைக் காணோமே?"

18ஆம் எண் பாட்டி கோப்பில் இல்லை. அவர் இருந்த இடத்தில் அதே அண்ணன், குறைந்த பாக்கியோடு. அவருடைய சொந்த இடத்திலோ பழைய பாக்கி அப்படியே. எனக்குக் கை நடுங்கிவிட்டது. பாட்டி பல வருடமாக அந்தக் கடையில் நாணயமாகக் கணக்கு வைத்திருப்பவர்.

இரவு வீட்டில் ஒவ்வொரு வரிக்குப் பின்னும் எஃப்டெல்லை அச்சிட்டுப் பார்த்தேன். எஃப்சீக்குக்குப் பின் 1024. பதிவைப் படிக்கும் எஃப்ரீடுக்குப் பின் 1088. அங்கேதான் விஷயம். 64 பைட் படித்ததும் சுட்டி தானாகவே 64 நகர்ந்து பாட்டியின் வாசலில் நிற்கிறது, நான் அங்கேயே எழுதிவிட்டேன். எழுதுவதற்கு முன் இப்போதைய இடத்திலிருந்து 64 பைட் பின்னால் போகச் சொல்லும் ஒரே வரிதான் விடுபட்டிருந்தது. படித்த கையோடு எழுதுவதானால் நடுவில் எஃப்சீக் போன்ற ஒன்று வந்தே ஆக வேண்டும் என்பது சி மொழியின் விதியும்கூட. இல்லையென்றால் என்ன நடக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அந்த ஒரு வரி இரண்டையும் தீர்த்தது. பாட்டியின் கணக்கை நோட்டைப் பார்த்துத் திரும்ப ஏற்றினேன்.

இன்னொன்று மிச்சம் இருந்தது. மீனாட்சிசுந்தரம் என்று ஒருவர். அவர் பெயருக்குப் பின்னால் மட்டும் ஏதோ ஒரு விநோதக் குறி வந்தது. கண்ணுக்கு ஒன்பது எழுத்து. ஆனால் யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் அடிப்படை எழுத்தும் துணைக்காலும் கொம்பும் புள்ளியும் தனித்தனியாகத்தான் எண்ணப்படும், ஒவ்வொன்றுக்கும் 3 பைட். அந்தப் பெயரில் அப்படிப் பதினாறு, ஆக 48. பெயருக்கு ஒதுக்கிய இடம் முழுக்க நிரம்பி, முடிவைக் காட்டும் பூஜ்ய பைட்டுக்கு இடமில்லாமல் பாக்கியின் பைட்டும் பெயரோடு சேர்ந்து வந்துவிட்டது.

பெயருக்கு 80 ஒதுக்கினேன். பதிவு 96 பைட் ஆனது, 17ஆம் ஆள் 1536க்குப் போனார். கையால் 64 என்று எழுதியிருந்த இடங்களையெல்லாம் தேடிப்பிடித்து, பதிவின் அளவைத் தானே கணக்கிடும் சைஸ்ஆஃப் போட்டேன். பழைய கோப்பை ஒவ்வொன்றாகப் படித்துப் புதிய கோப்பில் எழுத இன்னொரு சின்ன நிரல்.

அடுத்த ஞாயிறு மீனாட்சிசுந்தரம் பெயரைத் திரையில் விரல் வைத்து மாமா வாய்விட்டுப் படித்தார். பிறகு பாக்கி நோட்டைத் திறந்து, அந்தப் பெயருக்கு நேரே பென்சிலால் ஒரு டிக் போட்டார்.