சோப்புத் தண்ணீர்

காஸ் சிலிண்டர் மாற்ற வந்த பையன் ரெகுலேட்டரை மாட்டிவிட்டுக் கிளம்பப் பார்த்தான். "இருப்பா" என்று நிறுத்தி, மூட்டில் சோப்பு நுரையைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றேன். "ஆரம்பிச்சாச்சா?" என்றாள் மனைவி உள்ளேயிருந்து.

என்ன செய்வது, முப்பது வருஷத்துக்கு மேல் மகேந்திரகிரியில், இஸ்ரோவின் இன்ஜின் சோதனை மையத்தில் பார்த்த வேலை அதுதான். ராக்கெட் இன்ஜின் என்றால் எல்லாருக்கும் நெருப்புதான் ஞாபகம் வரும். அது எரிவது சில நிமிடம். மற்ற நாளெல்லாம் குழாய், வால்வு, கசிவு.

1989-ல் காவல்கிணறில் பஸ் இறங்கியபோது ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று கண்ணில் மண்ணை வாரிப் போட்டது. முதல் வாரமே விகாஸ் என்ற ராக்கெட் இன்ஜினின் குழாய்களுக்குக் கசிவுச் சோதனை. உள்ளே ஹீலியத்தை ஏற்றி, மூட்டு மூட்டாகப் பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீர் தடவ வேண்டும். இரண்டு நிமிடம் பார்த்தேன், ஒன்றுமில்லை. கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தேன். கூட இருந்த டெக்னீஷியன் பணகுடிக்காரர், அப்பா வயது. "சார், அஞ்சு நிமிஷம் பொறுங்க. இது மெதுவா மூச்சு விடுது."

குனிந்து பார்த்தால், நட்டுக்கு அடியில் கடுகளவு ஒரு குமிழி. உடையவும் இல்லை, வளர்வதாகவும் தெரியவில்லை, ஆனால் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் உப்பிக்கொண்டிருந்தது. பேனா பைக்குள் போய்விட்டது.

விகாஸின் எரிபொருளும் அதை எரிக்கும் நைட்ரஜன் டெட்ராக்சைடும் ஒன்றையொன்று தொட்டாலே பற்றிக்கொள்ளும். டெட்ராக்சைடு கசிந்தால் செம்பழுப்புப் புகை காட்டிக்கொடுக்கும், ஓடிவிடலாம். பின்னால் வந்த கிரையோஜெனிக்கில், அதாவது கடுங்குளிர் எரிபொருள் இன்ஜினில், திரவ ஹைட்ரஜன், மைனஸ் 253 டிகிரி. சாதாரண வெப்பத்தில் இறுக்கமாக இருந்த மூட்டு அந்தக் குளிரில் சுருங்கி வழிவிடும். பற்றினாலோ பகலில் சுடர் கண்ணுக்கே தெரியாது.

1979 ஆகஸ்டில் முதல் எஸ்எல்வி-3 ராக்கெட் வங்காள விரிகுடாவில் விழுந்ததும் கசிவால்தான். ராக்கெட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கட்டங்களில் இரண்டாவதைத் திருப்பிப் பிடிக்க வேண்டிய அமைப்பில் நைட்ரிக் அமிலம் ஒழுகித் தீர்ந்திருந்தது. வழிகாட்டு அமைப்பில் வேலை பார்த்த திருவனந்தபுரம் நண்பர்கள், "நீங்க தள்ளிவிட்டா போதும், போற வழியை நாங்க பார்த்துக்கறோம்" என்று கிண்டலடிப்பார்கள். திருப்புவதற்கும் வால்வு வேண்டுமே ஐயா!

2013 ஆகஸ்ட் 19 அன்று ஜிஎஸ்எல்வி-டி5 ராக்கெட் கிளம்ப 74 நிமிடம் இருக்கும்போது, விகாஸ் இருந்த இரண்டாம் கட்டத்தில் எரிபொருள் கசிந்தது. ஏவுதலை நிறுத்தினார்கள். தொட்டியின் அலுமினியக் கலவையே விரிசல் விடும் ரகம் என்று தெரிந்து, வேறு கலவையில் செய்த தொட்டியோடு புதிய கட்டம் வந்தது.

2014 ஜனவரி 5, மாலை 4.18. டிவி முன்னால் எல்லாரும் நம் கிரையோஜெனிக் எரியுமா என்று காத்திருந்தார்கள். எனக்கோ அதற்கு முந்தைய கட்டத்தின்மேல்தான் கண். இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் எரிந்து அது கழன்றதும் தனியாகக் கைதட்டினேன். பக்கத்து நாற்காலிக்காரர், "இன்னும் முடியலையே சார்" என்றார்.